கோட்டைக்கு யார் பெயர்?

போன இதழில் பாலையூற்று வாசகி ஒருவரின் கேள்வியைப் போட்டு, பதில் அடுத்த இதழில் என்று எழுதித் தப்பித்துக்கொண்டேன். தப்ப முடியவில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அதனால் ஓய்வூதியக் கேள்விகள், மாங்காய் ஊறுகாய் பூஞ்சணம் பிடிக்கிற கேள்விகள் எல்லாவற்றுக்கும் இந்த முறை லீவு. முதலில் அந்த அம்மாவின் கேள்வியையே திரும்பப் போடுகிறேன்.

ரீச்சர், மகனோடு திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போனேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். கோட்டை வாசலில் நின்று, "பிரெட்ரிக் கோட்டை என்கிறார்களே, யாரம்மா அந்த பிரெட்ரிக், அவர் எங்களுக்கு என்ன செய்தார்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்தில் ஒரு அடிமை வியாபாரியின் சிலையைத் துறைமுகத்தில் தள்ளினார்களாம், நாங்களும் இந்தப் பெயரைத் தூக்கி எறிந்தால் என்ன என்கிறான். என்ன சொல்ல?
வாசகி, பாலையூற்று

முதலில் அவன் முதுகில் தட்டிக்கொடுங்கள். முப்பது வருடம் இந்த ஊரில் சரித்திரம் படிப்பித்தேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ தரம் அந்த வாசலால் போய் வந்திருக்கிறேன், எல்லாரும் மானைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள், ஒருவரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. கேட்கும்படி நான் படிப்பிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரெட்ரிக் என்பவர் இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருடைய இரண்டாவது மகன், யோர்க் கோமகன், பிரித்தானியப் படையின் தலைமைத் தளபதி. 1803இல் ஆங்கிலேயர் கோட்டைக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆறு வருடம் கழித்து, படையில் பதவி வாங்கித் தருகிறேன் என்று அவருடைய முன்னாள் காதலி மேரி ஆன் கிளார்க் ஆட்களிடம் காசு வாங்கிய விவகாரம் பாராளுமன்றம் வரை போய் நாறியதில் 1809இல் பதவியை விட்டு இறங்கினார். 1811இல் அதே கதிரையில் திரும்ப வந்து உட்கார்ந்தும் விட்டார், அது எந்த நாட்டிலும் நடக்கிற கதைதான். எங்களுக்கு அவர் என்ன செய்தார் என்றால், ஒன்றும் செய்யவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

செய்தவன் வேறு ஆள். கொன்ஸ்தந்தீனு டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதி. 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, இடித்த கல்லைக் கொண்டே அந்த இடத்தில் கோட்டையைக் கட்டியது அவனுடைய காலத்தில்தான். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், நடுவில் கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். வாசல் கல்லில் கயல் மீன் செதுக்கியிருக்கிறதே, குளக்கோட்டன் என்ற பழைய அரசன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி வந்து பிரிப்பான் என்ற பாட்டு தேய்ந்து கிடக்கிறதே, மகன் அடுத்த முறை போகும்போது அதைத் தொட்டுப் பார்க்கட்டும். டி சா 1630இல் ரந்தெனிவெலச் சண்டையில் செத்துப் போனான். திருகோணமலையில் அவன் பெயரில் ஒரு ஒழுங்கை கூட நான் கண்டதில்லை. ஆக, இடித்தவனுடைய பெயரை ஊர் மறந்துவிட்டது, இந்தக் கரையை மிதிக்காத ஒரு கோமகனின் பெயர் கோட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைச் சுரண்டி எடுத்தால் யாருக்கு வலிக்கும், யாருக்கு ஆறும் என்று எனக்கு விளங்கவில்லை.

அதைவிட, பஸ் நிலையத்தடியில் நின்று ஒரு ஓட்டோக்காரத் தம்பியிடம் "பிரெட்ரிக் கோட்டைக்குப் போகவேண்டும்" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களை வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று நினைத்து இரட்டிப்புக் காசு கேட்பார். எங்களுக்கு அது கோட்டை, கோட்டையடி, கோட்டை வாசல். இருநூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பெயர் எங்கள் வாய்க்குள் வரவேயில்லை.

மகன் சொன்ன அந்தச் சிலை இருந்த ஊர் இங்கிலாந்தின் பிரிஸ்டல், அந்தக் கதை இப்படி அல்ல. எட்வர்ட் கோல்ஸ்டன் 1721இல் செத்த வியாபாரி, ரோயல் ஆபிரிக்கன் கம்பனியில் பெரிய கை. அவர் அதில் இருந்த காலத்தில் அந்தக் கம்பனி ஏற்றிய ஆபிரிக்கர் ஏறக்குறைய 84,000 பேர், கப்பலிலேயே செத்தவர்கள் 19,000 பேர் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டினார், தர்மம் செய்தார் என்று 1895இல் சிலை வைத்தார்கள். கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், அதாவது அந்த அடிமைகளின் வழிவந்தவர்கள், அதே ஊரில் இருக்கிறார்கள், அந்தச் சிலையைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். சிலைக்குக் கீழே உண்மையை எழுதி ஒரு பலகை வையுங்கள் என்று கேட்டார்கள். என்ன எழுதுவது, எந்தச் சொல்லை வெட்டுவது என்ற இழுபறியில் பலகை வரவேயில்லை. 2020 ஜூன் 7ஆம் திகதி கயிறு வந்தது. நகரசபை பிறகு அதைத் தண்ணீரிலிருந்து எடுத்து, பூசியிருந்த சாயத்தையும் கழுவாமல், நூதனசாலையில் நிமிர்த்தாமல் படுக்கவைத்தே காட்சிக்கு வைத்தது. அந்தப் படுக்கை எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது.

அதனால் மகனிடம் சொல்லுங்கள், பிரெட்ரிக்கை விட்டுவிட்டு, வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். டி சா பெயரைத் தேடட்டும்.

கொழும்பில் வெள்ளைக்காரன் பெயரெல்லாம் எப்போதோ மாற்றிவிட்டார்கள். நாங்கள்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.
ஓய்வுபெற்ற அரச ஊழியர், உவர்மலை

ஐயா, உண்மைதான், விக்டோரியா பூங்கா விகாரமகாதேவி பூங்கா ஆனது, புல்லர்ஸ் வீதி பௌத்தாலோக மாவத்தை ஆனது, கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை ஆனது. ஆனால் புல்லர் செய்த குற்றத்துக்காக அவருடைய பெயரை எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்களா? புதியவருக்கு இடம் வேண்டியிருந்தது, பழையவரை எழுப்பினார்கள். டரட் வீதி தர்மபால மாவத்தையானது. சிங்கள பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநாகரிக தர்மபால முஸ்லிம்களை இகழ்ந்து 1915இல் எழுதியதை வாசித்த ஒரு மூதூர் முஸ்லிமுக்கு அந்த மாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

நல்ல மாற்றம் ஒன்றும் உண்டு. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை இராணுவச் சட்டம் போட்டு, வீரபுரன் அப்புவைச் சுட்டு, காவியோடு ஒரு பிக்குவையும் சுட்டு அடக்கியது தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி. இங்கிலாந்திலேயே அது சகிக்கவில்லை, 1850இல் ஆளைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். அவர் பெயர் தாங்கிய டொரிங்டன் சதுக்கத்தில்தான், சரியாக நூறு வருடம் கழித்து 1948இல், சுதந்திர விழா நடந்தது. இன்றைக்கு அது சுதந்திர சதுக்கம். அந்தப் பெயரை எடுத்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

அதே கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் எட்வர்ட் பார்ன்ஸ் சிலை அப்படியே நிற்கிறது. ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் சனங்களைக் கல்லுடைக்க வைத்துக் கண்டி வீதியைப் போட்ட தேசாதிபதி. கொழும்பிலிருந்து எந்த ஊருக்கும் தூரத்தை அளப்பது அந்தச் சிலையடியிலிருந்துதான். நீங்கள் பென்ஷன் அலுவலாகக் கொழும்புக்குப் போய்த் திரும்பும்போது வழியில் பார்க்கிற கிலோமீட்டர் கல்லெல்லாம் அந்த மனுஷனின் காலிலிருந்து எண்ணியது. எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

எனக்குப் பிடித்த திருத்தம் கடதாசியில் நடந்தது. 1818 ஊவாக் கிளர்ச்சியில் 19 பேரைத் துரோகிகள் என்று ஆங்கில அரசு போட்ட வர்த்தமானியை 2016 கடைசியில் இலங்கை அரசு ரத்துச் செய்தது. இருநூறு வருடம் பிந்தித்தான், ஆனால் எழுதிய இடத்திலேயே போய் அழித்தார்கள்.

நான் மன்னாரில் பிறந்து திருகோணமலைக்குக் கலியாணம் முடித்து வந்தவள், கத்தோலிக்கர். கோயிலை இடித்த பறங்கியைப் பற்றி எல்லாரும் கதைக்கிறீர்கள். எங்கள் சனத்தை வெட்டிய சங்கிலியனுக்கு நல்லூரில் குதிரைமேல் சிலை நிற்கிறது. அதைப் பற்றி ஒரு வசனம் எழுதுவீர்களா?
வாசகி, பெயர் வேண்டாம் என்கிறார்

எழுதுகிறேன் தங்கச்சி. இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்துவிட்டு நடந்து திரிந்தேன்.

மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். அறுநூறு பேருக்கு மேல் என்பது நீங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கணக்கு, தோட்டவெளியில் வேதசாட்சிகளை இன்றைக்கும் கும்பிடுகிறீர்கள். அவன் பார்வையில் அவர்கள் போர்த்துக்கேயனின் ஆட்களாக மாறிவிட்ட குடிகள், நாளைக்குப் படையைக் கூட்டி வருவார்கள். அந்தப் பயம் பொய்யும் அல்ல, போர்த்துக்கேயர் பிறகு வரத்தான் செய்தார்கள். ஆனால் வெட்டுப்பட்டவர்கள் போர்த்துக்கேயர் அல்லர், எங்கள் சனம்.

ஒரு திருத்தம் மட்டும். நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரையில் இருப்பது அந்தச் சங்கிலி அல்ல. அவன் முதலாம் சங்கிலி, 1561 வரை ஆண்டவன். சிலையில் இருப்பவன் இரண்டாம் சங்கிலி, 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட கடைசி அரசன். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல். இப்படிச் சொல்லி உங்களை மடக்க வரவில்லை, ஏனென்றால் இரண்டாமவனும் அரச குடும்பத்தில் தனக்குப் போட்டியாக இருந்தவர்களைக் கொன்றுவிட்டுத்தான் சிம்மாசனத்தில் ஏறினான். ஊரும் இரண்டு பேரையும் ஒன்றாக்கிச் "சங்கிலியன்" என்ற ஒரே வீரனாக வைத்திருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். முப்பது வருடம் வகுப்பில் சங்கிலியை வீரனாகவே படிப்பித்தேன். 1619ஐக் குரல் தழுதழுக்கச் சொல்வேன், 1544ஐ ஒரு வரியில் தாண்டிவிடுவேன். ஒரு வருடம் முன்வரிசையில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளை ஒன்று இருந்தது, கழுத்தில் செபமாலை. அந்த வரி வரும்போது அவள் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டேன், கண்டும் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ராஜராஜ சோழனின் படை அநுராதபுரத்தை அழித்ததையும் இப்படித்தான், "பொலன்னறுவை தலைநகரானது" என்ற ஒரு வரியில் சுற்றி மூடிவிடுவேன்.

நல்லூர்ச் சிலையை எடுக்கச் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்துக்கு அவன் தோற்றுப்போன கடைசி அரசன், அந்தத் துக்கம் அந்த ஊருடையது. ஆனால் மன்னாரில் ஒரு வீதிக்குச் சங்கிலியன் பெயரை வைக்கலாமா என்று யாராவது கேட்டால், உங்கள் பக்கத்தில் நின்று வேண்டாம் என்று முதல் கையெழுத்து நான் போடுவேன். வெட்டுப்பட்ட வீட்டின் வாசலில் வெட்டியவனுடைய பெயரை மாட்டக்கூடாது, அவன் எங்கள் அரசனாக இருந்தாலும்.

கானாவில் காந்தி சிலையையே எடுத்தார்களே. மட்டக்களப்புக் காந்தி பூங்காவையும் மாற்றிவிடலாமா?
வாசகர், கிண்ணியா

கிண்டல் விளங்குகிறது. 2018இல் கானா பல்கலைக்கழகத்தில் எடுத்தது உண்மை. தென்னாபிரிக்காவில் இருந்த இளவயதில் காந்தி கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதியிருக்கிறார், அவர்கள் அதை வாசித்துவிட்டு எங்கள் வளாகத்தில் வேண்டாம் என்றார்கள். ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள், அதனால் முடிவும் அவர்களுடையது. மட்டக்களப்புக்கு அப்படி ஒரு கணக்கு காந்தியோடு இல்லை.

எங்கள் ஊரில் "வெள்ளைக்காரன் மரம்" என்று ஒரு இடம் உண்டு. நொக்ஸ் பிடிபட்ட இடமாம். அவன் அடிமை வியாபாரியும்தான் என்று மகள் எங்கோ வாசித்தாளாம். உண்மையா? உண்மை என்றால் அந்தக் கல்லை எதற்கு வைத்திருக்கிறோம்?
வாசகர், மூதூர்

உண்மை. ரொபர்ட் நொக்ஸ் தகப்பனோடு 1660இல் கொட்டியாரக் குடாவில் இறங்கி, கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, 19 வருடம் கண்டி ராச்சியத்தில் சிறை இருந்தான். சிறை என்றால் கம்பிக்குள் அல்ல, ஊர்களுக்குள். தொப்பி பின்னினான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், வீடு கட்டினான், 1679இல் நடந்தே தப்பி அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். 1681இல் இலங்கையைப் பற்றி அவன் எழுதிய புத்தகம் இல்லாவிட்டால் அந்தக் காலத்துச் சாதாரண சனம் என்ன சாப்பிட்டது, எப்படி உழுதது என்று எங்களுக்கு இவ்வளவு தெரிந்திராது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்கள் மகள் வாசித்திருக்கிறாள். கிழக்கிந்தியக் கம்பனி அவனை ஒரு கப்பலுக்குத் தலைவனாக்கியது. அந்தக் கப்பலில் அவன் அடிமைகளை ஏற்ற மடகஸ்கருக்குப் போனான். பத்தொன்பது வருடம் அடுத்தவனின் நாட்டில் அகப்பட்டுக் கிடந்த மனுஷன், வெளியே வந்த கையோடு மற்றவனின் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றப் போயிருக்கிறான். எத்தனை தரம் யோசித்தாலும் இது எனக்குச் செரிக்கவில்லை.

ஆனால் மரத்தின் பெயரைப் பாருங்கள். அது நொக்ஸ் மரம் அல்ல, வெள்ளைக்காரன் மரம். மூதூர் அவனுக்கு ஒரு மரியாதையும் செய்யவில்லை, இங்கே ஒரு வெள்ளைக்காரன் அகப்பட்டான் என்று மட்டும் சொல்லி வைத்தது. இதில் மாற்ற என்ன இருக்கிறது? கல்லை வைத்திருங்கள். மடகஸ்கரை மகள் எழுதிக் கொடுத்தால் பக்கத்தில் ஒட்டுங்கள்.

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்த விஷயத்தைப் பல தடவை செய்து பார்த்தாகிவிட்டது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று நினைத்தால் சொல்லுங்கள்.
வாசகர், சென்னை

உதவும். 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் அகப்பட்டவர்களையெல்லாம் தூக்கில் போட்ட நீல் என்ற படைத்தலைவனுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் செய்து அடிபட்டு ஜெயிலுக்குப் போனார்கள், பத்து வருடம் கழித்து ராஜாஜியின் ஆட்சி வந்ததும் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. உடைக்கவில்லை, ஒளிக்கவில்லை, பார்க்க விரும்புகிறவன் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். நான் கண்ட பெயர்ச் சண்டைகளில் ஒழுங்காக முடிந்தது அதுதான். (அந்தமானில் அவன் பெயரில் இருந்த தீவை 2018இல் தான் மாற்றினார்கள். 2024இல் போர்ட் பிளேயரையும் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள், சுதந்திரப் போராட்டத்தின் வெற்றியைக் குறிக்கவாம். விஜய என்ற பெயரைக் கேட்டதும் இலங்கைக்காரி எனக்கு, சிங்களவரின் முதல் அரசன் என்று மகாவம்சம் சொல்கிற விஜயன் வந்த கப்பல் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.)

மற்றது 1997. தென் மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைக்கப்போய், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பியவர்களால் கலவரம் வந்து உயிர்கள் போயின. அவன் கட்டபொம்மனோடு நின்று செத்தவன், ஒரு கறையும் இல்லாதவன். கடைசியில் கலைஞர் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே கழற்றிவிட்டது. சேரன், சோழன், பாண்டியன்கூடப் போனார்கள். நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திரும்பத் திருநெல்வேலி ஆனது. எனக்கு அப்போது கோபம் வந்தது, ஒரு பக்கத்தின் வெறிக்காக எல்லாரையும் இறக்கினார்களே என்று. இப்போது அந்தக் கோபம் பாதிதான் இருக்கிறது. திருநெல்வேலி என்ற பெயரில் யாருக்கும் சண்டை இல்லை பாருங்கள்.

ரீச்சர், நீங்கள் எல்லாவற்றுக்கும் அப்படியும் உண்டு இப்படியும் உண்டு என்று எழுதுவீர்கள் என்று தெரியும். நேராகக் கேட்கிறேன். முதலிக்குளம் சிங்களத்தில் மொறவெவ ஆனபோது, மணலாறு வெலி ஓயா ஆனபோது எங்களிடம் யார் கேட்டார்கள்? எங்கள் பெயரை அவர்கள் அழிக்கலாம், நாங்கள் மட்டும் செத்துப்போன வெள்ளைக்காரனின் பெயரைக்கூடத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?
வாசகர், வயது 24, உப்புவெளி

தம்பி, இவ்வளவு நேரமும் நான் சுற்றிச் சுற்றி வந்தது உங்கள் கேள்வியைத்தான்.

என் சின்னையாவுக்கு முதலிக்குளத்துப் பக்கம் காணி இருந்தது. சண்டையில் இடம்பெயர்ந்து, திரும்பி, திரும்பவும் இடம்பெயர்ந்து, கடைசியில் எஞ்சியது ஒரு சொப்பின் பையும் அதற்குள் மடித்த காணி உறுதியும். அதைக் கொண்டு ஒரு அலுவலகத்துக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப் போனார். கணினிக்கு முன்னால் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தாள், தண்ணீர்கூடத் தந்தாள், தேடிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தப் பெயரில் ஒரு இடம் இல்லையே" என்றாள். சின்னையா உறுதியை வாசிக்கத் தொடங்கினார். வடக்கே குளக்கட்டு, கிழக்கே இன்னாருடைய வளவு, தெற்கே பாலைமரம் நிற்கும் வேலி. பாலைமரமும் இல்லை, இன்னாரும் இல்லை, இப்போது ஊரும் இல்லை. இரண்டு பெயரும் ஒரே இடத்தைத்தான் குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். தான் பிறந்த ஊர் ஒன்று உண்டு என்று எழுபத்தொரு வயதில் சத்தியம் செய்தார். வரும் வழியில் ஒன்றும் கதைக்கவில்லை, கன்னியாச் சந்தி தாண்டியபின் தேத்தண்ணி குடிப்போமா என்று மட்டும் கேட்டார்.

மணலாறு என்பதை வெலி ஓயா என்று 1988இல் மாற்றியதில் மொழிபெயர்ப்புப் பிழையே இல்லை. வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. ஆறும் அதே ஆறு, மணலும் அதே மணல், பெயரைச் சொல்லிப் பழகிய ஆட்கள் மட்டும் அங்கே இல்லை. ஒரு கொடியவனை மதிக்கிற பெயர் என்றா அதை எடுத்தார்கள்? ஆற்றுக்கும் மணலுக்கும் என்ன கறை இருக்கிறது? எங்கள் மாவட்டத்திலும் பக்கத்திலும் நடந்த பெயர் மாற்றங்களில் பெரும்பாலானவை, அங்கே இருந்தவர்களிடம் கேட்காமல், அவர்கள் இல்லாத நேரத்தில், வேறு எங்கோ ஒரு மேசையில் நடந்தவை.

அதனால்தான் எனக்குப் பெயர் மாற்றம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது, அது நல்ல காரணத்துக்காக இருந்தாலும். பிரிஸ்டலில் கேட்கிறவனுக்கு அது நீதி. இங்கே எனக்கு முதலில் வருகிற கேள்வி அந்தப் பழைய ஆள் எவ்வளவு கெட்டவன் என்பதல்ல, தூரிகை யார் கையில் இருக்கிறது என்பது. பிரெட்ரிக்கின் பெயரை எடுக்கலாம் என்று நீங்களும் நானும் இன்றைக்குக் கையெழுத்து வைத்தால், புதிதாக எழுதப்போகும் பெயரை நாங்கள்தான் தெரிவு செய்வோம் என்று நினைக்கிறீர்களா? நான் நினைக்கவில்லை. நாங்களே தெரிவு செய்தாலும் திருகோணமலைக்கு நடுவில் "க்" போடுவதா வேண்டாமா என்பதையே இன்னும் முடிக்காத சனம் நாங்கள்.

சரி, நேரான பதில் கேட்டீர்கள். முதலிக்குளம் பலகையில் திரும்ப வரவேண்டும், அதில் எனக்கு அப்படியும் இப்படியும் இல்லை. ஆனால் மொறவெவ என்பதை அழித்துவிட்டு அல்ல. அங்கே பிறந்து, அந்தப் பெயரோடு பிறப்பத்தாட்சி எடுத்து, அங்கேயே வயல் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி முப்பது வருடம் கழித்து ஒரு அலுவலகத்தில் நின்று சத்தியக்கடதாசி முடிக்கும்படி நான் செய்யமாட்டேன். அவுஸ்திரேலியாவில் ஒரு பெரிய செம்பாறை உண்டு, 1873இல் ஒரு வெள்ளைக்காரர் வந்து ஹென்றி அயர்ஸ் என்ற அரசியல்வாதியின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனார். ஆதிக்குடிகள் அதை எப்போதும் உளுரு என்றே சொல்லி வந்தார்கள். 1993இல் இரண்டு பெயரையும் சட்டப்படி சேர்த்தார்கள், 2002இல் உளுருவை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க உளுரு என்றுதான் கதைக்கிறது, அயர்ஸ் தன்பாட்டில் தேய்ந்துவிட்டார். இரண்டு பெயரும் ஒரே பலகையில் இருந்தால் போதும், எதைச் சொல்வது என்று சனம் பார்த்துக்கொள்ளும். இது எங்களுக்குப் புதிதும் அல்ல. ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில், தமிழில் உவர்மலை. ஒரே மேடு, ஒரே பஸ், அந்த ஓர் யார் என்று கேட்டு இதுவரை எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை.

உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று விளங்கவில்லை. கோட்டை வாசலில் ஒரு பலகை வைக்கச் சொல்லி நாங்கள் கொஞ்சப் பேர் மகஜர் எழுதுகிறோம். என்ன எழுதச் சொல்லலாம்?
பழைய மாணவர்கள் சிலர், திருகோணமலை

சின்னப் பலகை போதும், மூன்று மொழியிலும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் கோணமாமலை என்று பாடிய கோயில் இந்தப் பாறையில் இருந்தது என்று தொடங்குங்கள். 1620களில் கொன்ஸ்தந்தீனு டி சாவின் கீழ் போர்த்துக்கேயர் அதை இடித்து அந்தக் கற்களால் கோட்டை கட்டினார்கள், பெயரைப் போட்டே எழுதுங்கள், "அந்நியர்" என்று மழுப்பவேண்டாம். 1803இல் ஆங்கிலேயர், இங்கே வராத ஒரு கோமகனின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் வெளிவந்தன, 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் பாறைக்குக் கீழே கடலுக்குள் பழைய கோயிலின் கற்களைக் கண்டார்கள், 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. மேலே "பிரெட்ரிக் கோட்டை" என்றே இருக்கட்டும், அதை வாசித்துவிட்டுக் கீழே வருகிறவனுக்குத்தான் இந்தக் கதை.

பலகை அடிக்கக் கொடுக்கும் முன் தமிழை என்னிடம் ஒருக்கால் காட்டுங்கள். இந்த நாட்டில் அரசாங்கப் பலகைகளில் எங்கள் எழுத்துப் படும் பாடு உங்களுக்குத் தெரியும், "கோட்டை" "கொட்டை" ஆகிவிட்டால் அதைத் திருத்த இன்னொரு மகஜர் எழுத எனக்குத் தெம்பில்லை. காசு ஒன்றும் வேண்டாம். சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன்.